சரளையே நீராகும்

செத்த கிட்ட வந்து உக்காருங்க. சத்தம் போட்டுச் சொல்லுற சமாச்சாரம் இல்லை இது. இதில் வருகிற ஆபீசர்கள் ரெண்டு பேரும் இன்னமும் பென்சன் வாங்கிக்கொண்டு, காலையில் குரங்குக் குல்லாயோடு இந்த வழியாகத்தான் நடை போகிறார்கள்.

நான் டீக்கடைக்காரன். திண்டுக்கல்லில் அந்த ஆபீசுக்கு எதிர்த்தாப்பில்தான் கடை. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, கம்பித் தூக்கில் எட்டு கிளாசைச் செருகிக்கொண்டு மாடி ஏறுவேன். டீ கொண்டு வருகிறவனுக்குக் கை உண்டு என்று ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். காது உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. அதனால்தான் இம்புட்டும் எனக்குத் தெரியும்.

ரெண்டாயிரத்து மூணாம் வருசம். மழை பொய்த்து மூணு வருசம் ஆகியிருந்தது. மேகம் சிறுமலை மேல் வந்து உட்காரும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி செத்த நேரம் இருந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விடும். எங்கள் ஈச்சங்குளத்துத் தெருவுக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் லாரி வரும். அன்றைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று லாரிக்கே தெரியாது. அதுவரைக்கும் எவன் வெயிலில் நிற்பது? அதனால் தெருவில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வரிசையில் ஆளுக்கு ஒரு கல்லைப் போட்டுவிட்டு அவரவர் சோலிக்குப் போய்விடுவோம். கல் கிடந்தால் ஆள் நிற்கிற மாதிரி. என் கல், உடைந்துபோன அம்மிக் குழவியில் பாதி. ஜக்கம்மாள் கல் கறுப்பு. கதவுக்கு அடித்த பச்சைப் பெயிண்டில் அதன்மேல் ஒரு கோடு இழுத்திருப்பாள். வரப்புக்காக அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொண்ட தெரு அது. ஆனால் அடுத்தவன் கல்லை அங்கே யாரும் ஒரு விரக்கடை நகர்த்தியது கிடையாது.

ஜக்கம்மாள் அந்த ஆபீசைக் கூட்டுகிறவள். எட்டு மணிக்குப் பூட்டைத் திறப்பதும் அவள், சாயங்காலம் பூட்டுவதும் அவள். சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் தொங்கும். ஆபீஸ் பானைக்குத் தண்ணீரும் எங்கள் தெரு லாரியிலிருந்து அவள் சுமந்து கொண்டுபோய் ஊற்றுவதுதான்.

ஆபீசுக்குப் பேர், மாவட்டத் தகவல் களஞ்சியத் தனிப்பிரிவு. கம்ப்யூட்டர் புதிதாக வந்திருந்த காலம். உலகத்தில் உள்ளதை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஏற்றிவிடவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தமிழ் நெடுங்கணக்கில் எந்த எழுத்தும் விடுபடக் கூடாது; மார்ச் முப்பத்தொன்றுக்குள் முடிக்க வேண்டும். மார்ச் முப்பதாம் தேதி எடுத்துப் பார்த்தால், ‘ஜ’ காலி.

தனி அலுவலர் ஆனந்த்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய உதவியாளர் ஈஸ்வரன் நகத்தைக் கடித்தார்.

“ஏன்யா, ஜ-வுல ஒண்ணுகூடவா இல்லை?”

“ஜவுளி இருக்கு சார். ஆனா அதைத் துணின்னு முன்னாடியே போட்டுட்டோம்.”

“ஆளு பேரு?”

“ஜ-வுல நமக்குத் தெரிஞ்ச ஆளு யாரு சார் இருக்கா?”

“காலத் தூக்குங்க சார், கூட்டணும்” என்றாள் ஜக்கம்மாள். ரெண்டு பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் கூட்டிக்கொண்டு போனாள். ஜ-வில் யாரும் தட்டுப்படவில்லை.

அப்போதுதான் ஈஸ்வரன் கண்ணில் சுவரில் தொங்கிய காலண்டர் பட்டது. ஒரு பூட்டுக்கடையில் வருசப் பிறப்புக்குக் கொடுத்தது. மார்ச் மாதத்துக்கு ஜப்பான் தேசத்துத் தோட்டம் ஒன்றைப் படமாகப் போட்டு, கீழே இங்கிலீசில் நாலு வரி எழுதியிருந்தான். டைப் அடிக்கிற பிள்ளை சத்யபிரியா அதை வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்ல, ஈஸ்வரன் ஆபீஸ் தமிழில் ஆக்கினார். அந்தப் பதிவு எனக்கு இன்னமும் மனப்பாடம்:

‘ஜப்பானியத் தோட்ட உறுப்புகள்: கல்விளக்கு, மிதிகல், வளைபாலம், மூங்கில் தூம்பு முதலியன. உலர்தோட்டத்தில் கோடிழுத்த சரளையே நீராகும். நட்டுவைத்த கல்லே மலையாகும். அமர்த்திவைத்த கல்லே தவத்திலிருக்கும் ஆளாகும்.’

“சார், சான்றுன்னு ஒரு கட்டம் கேக்குது. பூட்டுக்கடைக் காலண்டர்னு போடவா?” என்றது சத்யபிரியா.

“கவர்மெண்டு ஏட்டுல பூட்டுக்கடையா? காலியா விடும்மா” என்றார் ஆனந்த்ராஜ்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார்கள். நல்ல வழவழப்பான தாள். ஜக்கம்மாள் எனக்குக் கொடுத்தாள். வடைத் தட்டில் எண்ணெய்க்கு அடியில் விரித்துக்கொண்டேன். அப்புறம் மூணு மாதம் என் கடைக்கு வந்த ஜனமெல்லாம் ஜப்பான் மேல் இருந்துதான் உளுந்த வடை எடுத்துத் தின்றது.

கம்ப்யூட்டரில் வந்துவிட்டது என்றால் அந்தக் காலத்தில் அப்பீலே கிடையாது. அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு ஒரு பல் டாக்டர் தன் ஆஸ்பத்திரி வாசலில் சரளை கொட்டினார். நோயாளிகள் சறுக்கி விழுந்து கூடுதலாக ரெண்டு பல் போனது. நத்தம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்து முகப்பில் கல்விளக்கு வைத்தார்கள். முகூர்த்தத்துக்கு வந்த சனம் அதற்கு முன்னால் தேங்காய் உடைத்துவிட்டு உள்ளே போனது. கடைசியில், ஊரை அழகு பண்ணுவதற்கென்று ஏற்படுத்திய நகர் எழிலூட்டுக் குழு என்ற ஒன்று, வறண்டு வெடித்துக் கிடந்த எங்கள் ஈச்சங்குளத்தைப் பார்த்தது. உலர்தோட்டம் போட இதைவிட உலர்ந்த இடம் ஜப்பானிலேயே கிடைக்காது என்று ஒருமனதாக முடிவு செய்தது.

தண்ணீர் லாரியைக் கேட்டால் வண்டி பழுது என்பார்கள். ஜல்லி லாரி பதினொன்று வந்தது. முக்கால் இஞ்சு ஜல்லியைக் குளம் முழுக்கப் பரப்பி, ஆணி அடித்த கட்டை ஒன்றை ஜக்கம்மாள் கையில் கொடுத்து, அலை மாதிரி கோடு இழுக்கச் சொன்னார்கள். அவளும் நாலு நாள் இழுத்தாள். ரிப்பன் வெட்டினார்கள். “ஜப்பானையே திண்டுக்கல்லுக்குக் கொண்டு வந்திருக்கிறோம்” என்று பேசினார்கள். தண்ணீரைக் கொண்டு வந்திருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. நானும் கைதான் தட்டினேன். அன்றைக்கு நூற்றைம்பது டீ ஆர்டர்.

அடுத்த பன்னிரண்டாம் நாள் லாரி வரவில்லை. கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மறுநாளும் இல்லை. ஜக்கம்மாள் மருமகள் சுகன்யா பிரசவித்து அன்றைக்குப் பதினாலாம் நாள். பச்சப் பிள்ளையைக் குளிப்பாட்ட வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் இல்லை. ஆபீசைக் கூட்டி முடித்ததும் ஜக்கம்மாள் ஈஸ்வரன் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நான் டீ வைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் சார், எங்க தெரு லாரிய நிப்பாட்டிப்புட்டாங்களாமே?”

“ஆமாம்மா. தண்ணி ஆபீஸ்ல இருந்து எங்களுக்கும் நகல் வந்திருக்கு. நீங்க நீர்நிலையை ஒட்டிக் குடியிருக்கீங்க. நீர்நிலைக்குப் பக்கத்துல லாரி கிடையாது.”

“என்னா நீர்நிலை?”

“ஈச்சங்குளம்.”

“அதுல ஜல்லியில்ல சார் கெடக்கு?”

“கோடு இழுத்திருக்கா?”

“நாந்தானே இழுத்தேன்!”

“அப்ப அது தண்ணிதான். களஞ்சியத்துல போட்டிருக்கு.”

“அந்தக் கோட்ட அழிச்சுப்புட்டா?”

“நீர்நிலையைச் சேதப்படுத்தினேன்னு உம்மேல கேஸ் வரும்.”

ஜக்கம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தினாள். “அதை மொண்டு குடிக்கலாமா சார்?”

ஈஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நியாயமான மனிதர், கேட்ட கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொல்வார். “களஞ்சியம் நீர்னுதான் சொல்லுது. குடிநீர்னு சொல்லலை. வடிகட்டித்தான் குடிக்கணும்.”

அன்றையிலிருந்து அவள் ரெண்டு மைல் நடந்து ஒரு தோட்டத்து போர்வெல்லில் கெஞ்சி, தலையில் ஒரு குடம் இடுப்பில் ஒரு குடம் கொண்டுவந்தாள். அது பிள்ளைக்கும் தாய்க்குமே பத்தவில்லை. ஆபீஸ் பானை காய்ந்தது. ஆபீசர்களுக்குப் பாட்டில் தண்ணீர் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதை மாடி ஏற்றி வைத்தவளும் ஜக்கம்மாள்தான்.

ஒருநாள் சத்யபிரியாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள்.

“ஏம்மா, ஜல்லிதான் தண்ணின்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலைக்கா. சான்றுக் கட்டம் காலியாத்தான் இருக்கு. சான்று இல்லாட்டி பதிவை நீக்கணும்னு விதி நாப்பத்தொண்ணுல இருக்கு. யாராச்சும் மனு குடுத்தா விசாரிச்சே ஆகணும்.”

“அம்புட்டுத்தானா?” என்றாள் ஜக்கம்மாள்.

தெருவே திரண்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. படிப்பு ரெண்டாங் கிளாசோடு நின்றுவிட்டாலும், பேரை மட்டும் நன்றாகப் பெரிதாகப் போடுவேன்.

விசாரணைக் குழு கூடியது. தலைவர் ஆனந்த்ராஜ், உறுப்பினர் ஈஸ்வரன், எழுத சத்யபிரியா. ஜப்பான் விசயம் என்பதால் நிபுணர் ஒருவர் வேண்டும் என்று விதி. அதற்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜப்பான் டேப் ரிக்கார்டர் ரிப்பேர் பண்ணுகிற பீர் முகமது பாயை வரவழைத்திருந்தார்கள். அவர் திருப்புளியைச் சட்டைப் பையில் செருகியபடியே வந்து உட்கார்ந்தார். ஜக்கம்மாள் கதவோரம் நின்றாள். நான் டீயோடு நின்றேன்.

“நிபுணர் அவர்களே, ஜப்பானோட உங்களுக்கு எத்தனை வருசத் தொடர்பு?” என்றார் ஆனந்த்ராஜ்.

“இருபத்திரண்டு வருசம் சார். ஹெட்டு மாத்துவேன், பெல்ட்டு மாத்துவேன்.”

“அவங்க தோட்டம் பத்தி என்ன நினைக்கிறீங்க?”

“நான் தெறந்து பாத்த வரைக்கும் உள்ள தோட்டம் ஏதும் இல்ல சார்.”

“சரளை நீராகும்கிறதை மறுக்கிறீங்களா?”

“எனக்கு அதைப் பத்தித் தெரியாதே சார்.”

“எழுதிக்கம்மா. நிபுணர் மறுக்கவில்லை.”

“சார், நான் தெரியாதுன்னுல்ல சொன்னேன்?”

“தெரியாத ஒருத்தர் எப்படி பாய் மறுக்க முடியும்? அதான் மறுக்கலைன்னு எழுதுறோம்.”

பாய் டீயைக் குடித்தார்.

அடுத்து சான்று. “அந்தக் காலண்டர் தாள் எங்கய்யா?” என்றார் தலைவர். மேசை, பீரோ, பரண் எல்லாம் தேடினார்கள். தாள் கிடைத்தால் பதிவு நிலைத்துவிடும். பதிவு நிலைத்தால் லாரி போச்சு. “குப்பையோட போயிருக்கும் சார்” என்றேன். ஜக்கம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். மறுபேச்சு இல்லாமல் நம்பிவிட்டார்கள். அன்றைக்கு என் கடைத் தட்டிலிருந்து வாங்கி வந்திருந்த வடையைச் சாப்பிட்டுக்கொண்டேதான் தேடினார்கள்.

ஈஸ்வரன் விடவில்லை. “சார், சான்றுதான் கண்ணு முன்னாடி இருக்கே. ஈச்சங்குளம்! பதிவுல உள்ள அம்புட்டும் அங்க அச்சு அசலா இருக்கு.”

“அந்தத் தோட்டத்தையே உங்க பதிவைப் பாத்துத்தானே சார் போட்டாங்க?” என்றார் பாய்.

“அதனாலதான் பாய் அம்புட்டு ஒத்துப்போகுது!”

ஆனந்த்ராஜ் யோசித்தார். “எல்லாம் சரிய்யா. ஆடிட்டுல கேட்டா எழுத்துல காட்டணும். கையெழுத்தோட காட்டணும். அது இல்லேன்னா நீக்கித்தான் ஆகணும்.”

ஜக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எனக்கும் மூச்சு வந்தது. நாளைக்கே லாரி வந்துவிடும், பாலில் ஊற்றத் தண்ணீர் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஈஸ்வரன் எங்கள் மனுவை எடுத்தார். எடுத்து வாசித்தார். வாசித்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

“சார், கேளுங்க! ‘எங்கள் ஈச்சங்குளத்தில் சரளையைக் கொட்டிக் கோடிழுத்து, அதையே நீராக ஆக்கிவிட்டார்கள்.’ நேர்ல பாத்தவங்க சார்! இருநூத்துப் பன்னெண்டு பேர்! எழுத்துல! கையெழுத்தோட!”

“அய்யோ சார், அது நாங்க குடுத்த புகாரு!” என்றாள் ஜக்கம்மாள்.

“புகாரா இருந்தா என்னம்மா, எழுதினது நீங்கதானே? பொய்யா எழுதினீங்க?”

“பொய்யெல்லாம் இல்ல…”

“எழுதிக்கம்மா சத்யபிரியா. மனுதாரரும் உறுதி செய்கிறார்.”

டொக்கென்று முத்திரை விழுந்தது. ‘மேற்படி பொதுமக்களின் ஏகோபித்த சாட்சியத்தை முன்னிட்டு, மேற்படி பதிவு எழுத்துக்கு எழுத்து நிலைநிறுத்தப்பட்டு ஆணையிடப்படுகிறது. சான்று: பொதுமக்கள் மனு.’ சான்றுக் கட்டத்தில் முதல் பேர் என்னுடையது. மாவட்டக் களஞ்சியத்தில் என் பேர் வந்தது அது ஒருதரம்தான்.

எல்லாரும் எழுந்தார்கள். ஜக்கம்மாள் மட்டும் நகரவில்லை.

“சார், ஒரு சந்தேகம். ஜல்லி சமாச்சாரம் மட்டுந்தான் நெசமா, அதுல போட்டிருக்கிற மத்ததும் நெசமா?”

“எழுத்துக்கு எழுத்து நெசம்” என்றார் ஆனந்த்ராஜ்.

“ஒரு நகல் குடுங்க சார், சீல் வச்சு. தெருவுல காட்டணும்.”

கொடுத்தார்கள். மனு கொடுத்தவர் தோற்றுப்போனால் நகல் கொடுப்பதில் ஆபீசுக்கு எப்போதும் தாராள மனசு.

மறுநாள் காலை நான் தூக்கோடு மாடி ஏறினால், ஆனந்த்ராஜ் நாற்காலியில், முதுகுக்குப் போட்ட வெள்ளைத் துண்டில் சாய்ந்தபடி, பச்சைக் கோடு போட்ட கறுப்புக் கல் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஜக்கம்மாளின் வரிசைக் கல். எதிரே பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். மனு கொடுக்க வந்த குஜிலியம்பாறைக்காரர் ஒருத்தர் வெளியே பெஞ்சியில் இருந்தார்.

“சார் இருக்காராம்மா?”

“எட்டு மணிக்கே வந்துட்டாரு” என்றாள் ஜக்கம்மாள்.

பதினொன்றே முக்காலுக்கு ஆனந்த்ராஜ் வந்தார். வந்தவர் குதித்தார். “எவ வச்சா இதை?”

ஜக்கம்மாள் நகலை நீட்டினாள். “அமர்த்திவைத்த கல்லே தவத்திலிருக்கும் ஆளாகும். எழுத்துக்கு எழுத்து நெசம்னீங்களே சார். கையெழுத்து உங்களுதுதானே? கல்லு ஆளில்லேன்னா ஜல்லியும் தண்ணியில்ல. அழிங்க. நான் கல்லத் தூக்கிட்டுப் போறேன்.”

மடக்கிவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஆபீசர் என்றால் சும்மாவா? ஆனந்த்ராஜ் கல்லைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

“ஈஸ்வரன், நான் ஆபீஸ்ல இருக்கேனா?”

“காலை எட்டு மணியில இருந்து இருக்கீங்க சார்.”

“அப்ப நான் போகலாமா?”

“இருந்துக்கிட்டே போகலாம் சார்.”

போனார். மறுநாள் ஈஸ்வரன் தனக்கும் ஒரு கல் கொண்டுவந்தார். தலைவர் கல்லைவிட ஒரு பிடி சிறியதாக, பதவிக்குத் தக்கபடி. சத்யபிரியா கேட்டதற்கு, தற்காலிகப் பணியாளருக்குக் கல் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் தினமும் எட்டு மணிக்குக் குறி விழுந்தது. மாவட்டத்திலேயே இம்புட்டு ஒழுங்காக வருகிற ஆபீஸ் இல்லை என்று மேலிடத்தில் இருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

நம்ம சனம் மட்டும் என்ன வாழ்ந்தது? வந்தவர்கள் மனுவைக் கல்லுக்கு முன்னால் வைத்து, கையைக் கட்டி நின்று குறை சொன்னார்கள். “முன்ன இருந்த சார் எரிஞ்சு எரிஞ்சு விழுவாரு. இவரு பொறுமையாக் கேக்குறாரு” என்று ஒரு அம்மா என்னிடமே சொன்னது. மூணாம் நாள் கல்லுக்குக் குங்குமம் வந்தது. அஞ்சாம் நாள் கதம்பம். காரியம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் முன்னாலும் நடக்காததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஜக்கம்மாள் ரெண்டு மைல் நடந்துகொண்டுதான் இருந்தாள். பத்தொன்பதாம் நாள் காலை, குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தவள் சத்யபிரியாவிடம் சொன்னாள்.

“பாப்பா, கமிட்டியக் கூட்டணும்.”

“யாருக்கா வரணும்?”

“எல்லாரும் வந்தாச்சே” என்று கல்லைக் காட்டினாள். “பாயை மட்டும் கூட்டிட்டு வாரேன். அவருக்குக் கல்லு இல்ல.”

பீர் முகமது பாய் வந்தார். தலைவர் கல்லுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பொருள்: சான்றில்லாப் பதிவு. மனுவைத் திரும்பப் பெறுகிறோம் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மறுபடி கையெழுத்து வைத்திருந்தோம். அதனால் இப்போது சான்று இல்லை. விதி நாற்பத்தொன்று. நீக்கலாமா?

“தலைவருக்கு ஆட்சேபணை உண்டா?” என்று சத்யபிரியா கேட்டது.

தலைவர் பேசவில்லை.

“உறுப்பினருக்கு?”

அவரும் பேசவில்லை.

“இந்தக் கமிட்டி பரவாயில்லை. மனுசனைப் பேச விடுது” என்றார் பாய். “எனக்குத் தோட்டம் தெரியாதும்மா. அன்னைக்குச் சொன்னதையே சொல்றேன். தெரியாததைத் தெரியாதுன்னே எழுதிக்க.”

சத்யபிரியா அப்படியே எழுதியது. ஜக்கம்மாள் இடுப்புச் சாவியால் இழுப்பறைப் பூட்டைத் திறந்து, முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, டொக்கென்று வைத்தாள். பதிவு நீங்கியது. ஈச்சங்குளத்தில் நீர் இல்லை என்று தண்ணி ஆபீசுக்குக் கடிதம் போனது.

விசயம் கேள்விப்பட்டு மறுநாள் ரெண்டு பேரும் ஓடிவந்தார்கள். பத்தொன்பது நாளுக்கப்புறம் இருவரையும் ஒன்றாக அங்கே பார்த்தது அன்றைக்குத்தான்.

“செல்லாதுன்னு எழுதுய்யா!” என்று கத்தினார் ஆனந்த்ராஜ்.

“எழுதலாம் சார். ஆனா கல்லு நாமில்லேன்னா, பத்தொம்பது நாள் நாம எங்க இருந்தோம்னும் எழுதணும்.”

“எங்க இருந்தோம்?”

“நீங்க கொடைக்கானல். நான் மச்சினன் வீடு கட்டுற எடத்துல சித்தாளுக்குத் துணையா.”

மேசையில் திறந்து கிடந்த பேனாவை ஆனந்த்ராஜ் மூடினார்.

“அப்ப நாமதான் நீக்கினோமா?”

“ஒருமனதா சார்.”

ஆனந்த்ராஜ் தன் நாற்காலியில் இருந்து தன்னையே தூக்கிக் கீழே வைத்தார். கதம்பத்தை உதறினார். உட்கார்ந்த சூட்டோடு ஒரு சுற்றறிக்கை எழுதினார்: ‘இனி இம்மாவட்டத்தில் எந்தக் கல்லும் எந்த இடத்திலும் எந்த ஆளுக்கும் பதிலாகக் கொள்ளப்படலாகாது.’ எல்லா ஆபீசுக்கும், எல்லாத் தெருவுக்கும், எல்லாக் கடைக்கும் நகல்.

ஜக்கம்மாள்தான் அதை எங்கள் தெருவில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு வீடு வீடாகச் சொன்னாள். “லாரி நாளைக்கு வருது. கல்ல நம்பாதீங்க. ஆளு வந்து நில்லுங்க.”

“போ தாயி” என்றேன் நான். “ஆபீஸ் சட்டம் ஆபீசுக்கு. நம்ம தெருவுல நம்ம வழக்கந்தானே?” என் கடைக்கும் ஒரு நகல் வந்திருந்தது. வழவழப்பு இல்லாத தாள். வடைத் தட்டுக்கு ஆகாது. பஜ்ஜி மடித்துக் கொடுத்துவிட்டேன்.

லாரி காலை ஆறரைக்கே வந்துவிட்டது. வந்தபோது வரிசையில் இருநூற்றுப் பதினோரு கல் ஒழுங்காகக் கிடந்தது. ஆட்கள் பல் விளக்கிக்கொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தோம். சத்தம் கேட்டு நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள், லாரியோடு வந்த மேற்பார்வையாளர் குழாயை மூடிக்கொண்டிருந்தார்.

“என்ன சார் மூடுறீங்க?”

“வரிசையில ஒரு ஆளுதான் இருந்தாங்க. எட்டுக் குடம் கேட்டாங்க, ஊத்தியாச்சு. மிச்சத்தை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகணும்.”

“எங்க கல்லு அம்புட்டும் கெடக்குதே!”

அவர் சுற்றறிக்கையை எடுத்து விரித்துக் காட்டினார். “கல்லுக்குத் தண்ணி எதுக்குய்யா?”

லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. நாங்கள் வாயில் பேஸ்ட் நுரையோடு நின்றோம். ஜக்கம்மாள் முதல் குடத்தைச் சுகன்யா இருந்த வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே பிள்ளை மேல் தண்ணீர் விழுகிற சத்தமும், அது வீறிட்டு அழுகிற சத்தமும் கேட்டது. மற்ற ஏழும் வாசலில் இருந்தன. அதில் ஒன்று மேடு பள்ளத்தில் நிற்காமல் ஆடியது. திரும்பி வந்தவள் அதைப் பார்த்தாள். வரிசைக்குப் போய், என் அரைக் குழவியை எடுத்துவந்து, குடத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்தாள்.